மே ஃபிளவர் மரத்துக்கு மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி அடிய பாருங்க

போன வாரம் மன்னார்குடி பக்கம் ஒரு வீட்டுக்கு கூப்பிட்டிருந்தாங்க. வாசல்ல பெரிய மே ஃபிளவர் மரம், மயில்கொன்றைன்னும் சொல்லுவோம், ஆவணி மாசம் தழைஞ்சு நிக்க வேண்டியது ஒரு பக்கம் மட்டும் வெளுத்து கொப்பு காஞ்சிட்டு வருது. வீட்டுக்கார சார் ரெண்டு தடவ பூச்சி மருந்து அடிச்சிருக்காரு, பூச்சியே இல்லயே சார் எதுக்குன்னு கேட்டா "எதாச்சும் செய்யணுமே தம்பி"ங்கிறாரு.

நான் குனிஞ்சு அடிமரத்த பாத்தேன். சுத்தி சிமென்ட் மேடை, பட்டையோட ஒட்டி கட்டிருக்காங்க, தண்ணி நின்னு நின்னு ஈரம் காயவே இல்ல. அந்த இடுக்குல தட்டு மாதிரி ஒரு காளான், மேல வார்னிஷ் அடிச்ச மாதிரி செம்பழுப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. மரச்சுத்தியால தட்டினா டொப்புன்னு வெத்து சத்தம்.

கேனோடெர்மாதான், மரத்த அடியிலேர்ந்து அழுக வைக்கிற பூஞ்சை. தென்னையில இந்த வகை பூஞ்சையால வர்ற நோய்க்கு தஞ்சாவூர் வாடல்னு நம்ம ஊர் பேரையே வச்சிருக்காங்க, அதனால டெல்டாவுல இது புதுசு இல்ல. அந்த மரத்துக்கு பத்தடி தள்ளி 2018 கஜா புயல்ல விழுந்த தென்னையோட அடிக்கட்டை தோண்டாம அப்படியே கெடக்கு. செத்த கட்டையில இது வருஷக்கணக்குல இருக்கும், வேரும் வேரும் தொட்டா தாவும். அதுலேர்ந்துதான் வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா சந்தேகம் இருக்கு.

காளான் வெளிய தெரியுதுன்னா உள்ள நெறைய அழுகியாச்சுன்னு அர்த்தம், ஊசி போட்டு சரி பண்றேன்னு யாராச்சும் வந்தா காச குடுக்காதீங்க. நானே தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு தூங்குமூஞ்சி மரத்துல காளான பிச்சிட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவி கூலியும் வாங்கிட்டு வந்தேன், ஐப்பசி மழையில மரம் சாஞ்சு காம்பவுண்ட் சுவரே போச்சு. எலை பச்சையாதான் இருந்துச்சு!

பக்கத்துல நல்லா இருக்குற தென்னைய காப்பாத்தலாம். அதுக்கு போர்டோ கலவை ஊத்தணும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர், இரும்பு ட்ரம் வேணாம், பிளாஸ்டிக்லதான் கலக்கணும். கலந்ததும் கத்திய முக்கி எடுங்க, செம்பு நிறம் படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மரத்துக்கு 40 லிட்டர் தூர சுத்தி ஊத்துங்க. வேப்பம்புண்ணாக்கு 5 கிலோவோட டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சைய வைக்கிறவங்க அதே சமயத்துல வச்சிடாதீங்க, துத்தம் அதையும் கொன்னுடும், கொஞ்ச நாள் விட்டு வைங்க.

அந்த மே ஃபிளவர் கரண்ட் கம்பி பக்கமா சாஞ்சு நிக்குது. வெட்டி வேரோட தோண்டிருவோம்னு சொன்னேன், பொண்ணு பொறந்தப்ப வச்ச மரம்னு மட்டும் சொல்லிட்டு சார் வேற ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாரு. புரட்டாசி முடியறதுக்குள்ள போன் பண்ணுங்கன்னு வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.