வண்டி இழுக்கவில்லையா? டர்போவை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சாவியை நீட்டுபவர்கள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம். அந்த ஒரு வரியை வைத்து யாராலும் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததுமே அப்படியா, சூடான பிறகா, எல்லா கியரிலுமா, மேடு ஏறும்போது மட்டுமா, புகை வந்ததா, வந்தால் என்ன நிறம், கடைசியாக எப்போது எரிபொருள் போட்டீர்கள், இதெல்லாம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் பார்ட்ஸ் மாற்ற ஆரம்பித்தால் உங்கள் காசுதான் கரையும்.

இன்னொன்று, தள்ளிப்போடாதீர்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் லாரியை ஓவர்டேக் செய்ய வலப்பக்கம் ஏறிய பிறகு வண்டி திணறினால், எதிரே வருகிற பஸ் உங்களுக்காக நிற்காது. பிக்கப் குறைந்த வண்டியோடு போகிறீர்கள் என்றால் லாரிக்குப் பின்னாலேயே போங்கள், பத்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

சரி, முதலில் பார்க்க வேண்டியது இஞ்சினுக்கே பலம் இல்லையா, அல்லது பலம் இருந்தும் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா என்பதுதான். காலியான ரோட்டில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, இஞ்சினைத் தொடவே வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. டிஸ்க்கில் கை வைத்துவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும், கையைக் கிட்டே கொண்டுபோனாலே சூடு தெரியும்.

இது இரண்டும் இல்லை என்றால் ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். மேலூர் பக்கம் கிரானைட் தூசியிலும், செங்கல் சூளைகளை ஒட்டிய மண் ரோட்டிலும் ஓடும் வண்டிகளுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது, அதில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது. ஏர் அடித்து மறுபடி மறுபடி அதையே மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்தில் வைத்து வேகமாக அடித்தால் காகிதத்தின் இழை விட்டுப்போய் தூசி நேராக உள்ளே போகும்.

உசிலம்பட்டியிலிருந்து வாடகைக்கு ஓடும் ஒரு டீசல் கார் வந்தது. வேறொரு இடத்தில் ஸ்கேனர் மாட்டி, பி0299 என்று பழுது கோட் வந்ததும் டர்போ, அதாவது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம், போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்த அண்ணன் கடன் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த பழுது கோட்டின் அர்த்தம், டர்போ தர வேண்டிய அழுத்தம் வந்து சேரவில்லை என்பது மட்டும்தான். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது, அதை நாம்தான் தேட வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மிதித்தவுடன் கீழிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. வண்டியைத் தூக்கி, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் மட்டும் ஆயில் ஈரம், விரல் கறுப்பாக வந்தது. அந்த இடத்தை லேசாக முறுக்கினால் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு வாயைத் திறந்தது. சும்மா நிற்கும்போது அது மூடித்தான் இருக்கும், அழுத்தம் ஏறும்போதுதான் விரியும், அதனால்தான் நின்ற இடத்தில் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. ஹோஸை மாற்றியதோடு சரி, அதே டர்போதான் ஓடுகிறது. ஆகவே வெறும் பழுது கோட் ஒன்றைக் காட்டி விலை சொன்னால், "எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பெட்ரோல் வண்டியில் குலுங்கிக் குலுங்கித் திணறினால் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் அல்லது அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். அப்போது இஞ்சின் செக் லைட் எரிந்துகொண்டிருப்பது வேறு, மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஓரங்கட்டுங்கள். அது உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் வண்டி நிரந்தரமாகவே இழுக்காது, செலவும் பல மடங்கு. மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, வேகம் கூட்டும்போது மட்டும் தொய்ந்தால் பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகப்படலாம். டேங்குக்குள் இருக்கும் அந்த பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் சீக்கிரம் போய்விடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மதுரையில் வில்லாபுரத்தில் எடுத்து மாட்டுத்தாவணியில் நிறுத்துவது, மறுபடி திரும்புவது என்று டவுனுக்குள்ளேயே ஓட்டினால் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் பில்டரில் சேர்ந்தது எரிய வாய்ப்பே கிடைக்காது, ஒரு கட்டத்தில் வண்டி தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். டிபிஎஃப் விளக்கு எரிந்தவுடனேயே திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையில் இருபது நிமிடம் போல ஒரே சீராக ஓட்டுங்கள், நடுவில் ஆஃப் செய்யாதீர்கள். பல வண்டிகளில் அதுவே போதும். ஆஃப் செய்து ஆன் செய்தால் சில சமயம் பலம் திரும்பும், அதை நம்பி விட்டுவிட்டால் பில்டரே மாற்ற வேண்டிவரும்.

கொடைக்கானல் ஏறும்போது டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் கார் இழுக்கவில்லை என்று பயந்து போன் செய்பவர்கள் உண்டு. அங்கே உயரம் 2,100 மீட்டர், காற்று அடர்த்தி குறைவு, இஞ்சின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயற்கை. ஏசியை அணைத்து, கியரைக் குறைத்து ஏறுங்கள்.

ஆனால் டீசல் வண்டி திடீரென்று பலம் இழந்து பின்னால் நீலப் புகை கிளம்பினால் மட்டும் பட்டறை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். டர்போ உடைந்து இஞ்சின் ஆயிலையே உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். உடனே ஓரமாக நிறுத்தி ஆஃப் செய்யுங்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.