மேற்கோள் எண்ணிக்கையும் லித்தியம் மாத்திரையும்

மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் பைபோலார் நோய்க்கு லித்தியம் மாத்திரை எழுதித் தந்தால், வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் உடனே செல்போனில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அது நல்லதுதான். சென்ற மாதம் அப்பாவுடன் வந்த ஒரு பெண் ஒரு ஆய்வுக் கட்டுரையைக் காட்டினார். "டாக்டர், இதை ஆயிரக்கணக்கான பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. அந்த ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு மருந்து குடுக்கலாமே? லித்தியம் ரொம்பப் பழசாச்சே!"

அவர் காட்டியது எங்கள் மனநலத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுரை. அவ்ஷலோம் காஸ்பியும் டெரி மாஃபிட்டும் அவர்களுடைய குழுவினரும் 2003இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த 847 பேரை வைத்து, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் இருப்பவர்களுக்கு, வாழ்க்கையில் அடி விழும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். நேர்மையான உழைப்பு. அதைத் தொட்டு ஏராளமான ஆய்வுகள் வந்தன. ஆனால் 2009இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவுகளை அலசியபோதும் தெரியவில்லை. மறுத்து எழுதியவர்களும் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? அதனால் அதன் எண்ணிக்கை மேலும் ஏறியது. ஒரு கட்டுரையைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் என்றுதான் அந்த எண் சொல்லும். அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு மருந்து தேர்ந்தெடுக்க முடியாது.

லித்தியத்தின் கதை வேறு. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்தவர். திரும்பி வந்து மெல்பர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், புழக்கத்தில் இல்லாத ஒரு சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மேனியா, அதாவது பைபோலாரில் மனநிலை கட்டுக்கடங்காமல் ஏறும் நிலையில் உள்ள நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்பது அவர் சந்தேகம். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் எளிதில் கரையாததால் லித்தியம் சேர்ந்த உப்பாகக் கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டார். துள்ள வேண்டியவை அமைதியாகிவிட்டன. லித்தியத்தை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு 1948இல் நோயாளிகளுக்குத் தந்தார். 1949இல் வெளியான கட்டுரையில் மேனியா நோயாளிகள் 10 பேர்தான். முதல் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனார். மருந்தை விட்டதும் நோய் திரும்பியது. மறுபடி தொடங்கி, 1950இல் லித்தியம் நச்சாகியே இறந்தார். கேட் அதைத் தாங்க முடியாமல் அந்த மருந்தையே ஒதுக்கிவைத்தார்.

மருந்தைக் காப்பாற்றியது கைதட்டல் அல்ல. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கக் கற்றார்கள். டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ 1954இல் ஒப்பீட்டு ஆய்வு செய்தார். விடாமல் மேலும் மேலும் செய்தார். 1970இல் அமெரிக்கா அனுமதித்தது. இன்றும் பைபோலாருக்கு, அதிலும் தற்கொலை ஆபத்து உள்ளவர்களுக்கு, நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

அந்த முதல் நோயாளியை நினைத்துத்தான் ரத்தப் பரிசோதனையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். லித்தியம் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை இருந்தால் போதும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இந்த அளவை ஏற்றிவிடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைவது, திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாமே ஏற்றும். கை பலமாக நடுங்கினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றபடி "நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அப்பா அதுவரை எதுவும் பேசவில்லை. எழுந்தபோது, "ராத்திரி மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணும் சார்?" என்று கேட்டார். 12 மணி நேரம். சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.