எலீஸ்: சுருளியா, விசிறியா?

பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவரைத் தயங்க வைக்கும் சொல் 'எலீஸ்'. கணக்குப் பாடத்தில் வந்தால் அது ஒரு வளைகோடு. கப்பலைப் பற்றிய பக்கத்தில் வந்தால் நீரைத் தள்ளும் விசிறி. ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் எழுத்து மாறாமல் இதே சொல்தான்; உச்சரிப்பு மட்டும் வேறு. இத்தாலியில் 'எலிகா'.

வேர் கிரேக்கத்தின் 'ஹெலிக்ஸ்'. முறுக்கிக்கொண்டது, சுற்றி வளைந்தது என்று பொருள். கொடி பற்றி ஏறும் பற்றுக்கம்பிக்கும் அதுவே பெயர். துருவத்தைச் சுற்றிவரும் பெருங்கரடி விண்மீன் கூட்டத்தைக்கூட 'ஹெலிகே' என்றார்கள்; எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. லத்தீன் வழியாகச் சொல் பிரெஞ்சுக்கு வந்தது.

சரி, கோட்டின் பெயர் விசிறிக்கு எப்படிப் போனது? தொடக்கக் காலத்தில் கப்பலை உந்தியது இதழ் இதழான விசிறி அல்ல. ஆர்க்கிமிடீஸ் திருகைப் போலத் தண்டைச் சுற்றி ஏறும் தகடு. பிரான்சில் பிரெடெரிக் சோவாழ் 1832-இல் காப்புரிமை பெற்றது அப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1837-இல் ஒரு கால்வாயில் சோதித்த மரத்திருகு பாதி உடைந்துபோக, படகு முன்னைவிட வேகமாக ஓடியது! அப்புறம் திருகு குட்டையாகி, இதழ்களாகப் பிரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதில் பிழையும் இல்லை. முன்னேறும் விசிறியின் இதழ்நுனி நீரில் வரைந்து செல்லும் தடம் இன்றும் அதே வளைகோடுதான்.

தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும். வளைகோட்டுக்குச் 'சுருளி', இயந்திரத்துக்கு 'உந்துவிசிறி' என்பது என் தேர்வு. இரண்டையும் 'சுருள்' என்று எழுதிவிடுவது சரியல்ல. கொசுவத்தி தட்டையாக, மையத்திலிருந்து விலகிக்கொண்டே போகிறது. அதுதான் சுருள், பிரெஞ்சில் 'ஸ்பிரால்'. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் திருகாணியின் மரையும் ஒரே அகலத்தில் சுற்றியபடி மேலே ஏறுகின்றன. அவை சுருளி.

ஹெலிகாப்டரும் இந்த வேரில் பிறந்ததே. 1861-இல் குஸ்தாவ் தெ பொந்தோன் தமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'எலிகொப்தேர்' என்று உருவாக்கினார். அதை 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிப்பது தவறு. 'ஹெலிகோ' என்றால் சுருளி, 'ப்தெரோன்' என்றால் இறக்கை. ஈழத்தமிழர் 'உலங்கு வானூர்தி' என்று சொல்வது இதைத்தான்.