உயிரியலை ஒப்பிக்காதீர்கள்

முதலாமாண்டு மாணவர்களின் செய்முறைத் தேர்வில் இந்த ஆண்டும் அதே காட்சியைக் கண்டு சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். உணவிலிருந்து செல் ஆற்றலைப் பெறும் வேதிவினைகளின் வட்டமான கிரெப்ஸ் சுழற்சியைப் பிழையின்றி வரைந்து, ஒவ்வொரு சேர்மத்தின் பெயரையும் நொதியின் பெயரையும் தடங்கலில்லாமல் சொன்ன ஒரு மாணவரிடம், "உடம்பு இளைத்தால் அந்தக் கொழுப்பு எங்கே போகிறது, தம்பி?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டேன். "வியர்வையாப் போயிடும், மேடம்" என்றார். அடுத்தவர், "சக்தியா மாறிடும்" என்றார். மூன்றாமவர், "அது சிலபஸ்ல இல்லையே, மேடம்" என்றார். முதலிரண்டு விடைகளும் தவறுதான். ஆனால் மூன்றாவது விடையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது சிலபஸில் இருக்கிறது. அவர் சற்றுமுன் வரைந்த வட்டத்திலிருந்து வெளியே செல்லும் இரண்டு அம்புக்குறிகளின் முனையில் கார்பன் டை ஆக்சைடு என்று அவரே எழுதியிருந்தார். அந்த அம்புக்குறி அவருடைய சொந்த மூச்சுக்காற்று என்பதை மட்டும் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் எண்ணிப் பார்த்ததில்லை. குளுக்கோஸின் ஆறு கார்பன்களில் இரண்டு, சுழற்சிக்குள் நுழையும் முன்பே கழன்றுவிடுகின்றன. மீதி நான்கும் சுழற்சியில் வெளியேறுகின்றன. கொழுப்பும் துண்டாகி அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மீர்மன், பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போய்விடுகிறது, 1.6 கிலோ நீராகிறது. அவர்கள் இதே கேள்வியை மருத்துவர்களிடமும் உணவியல் வல்லுநர்களிடமும் உடற்பயிற்சியாளர்களிடமும் கேட்டபோது, பெரும்பாலோர் கொழுப்பு ஆற்றலாக மாறிவிடுகிறது என்றே நினைத்திருந்தார்கள் என்பதால் என் மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. (வேகமாக மூச்சுவிட்டால் இளைக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. அப்படிச் செய்தால் தலைதான் சுற்றும்.)

இதே கேள்வியைத் திருப்பிப் போட்டால் மரத்துக்கு வந்து சேரலாம். ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை உறக்கத்திலும் ஒப்பிக்கக்கூடியவர்கள்கூட "மண்ணிலிருந்து" என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் ஒரு வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்தாண்டுகள் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை 164 பவுண்டு, அதாவது சுமார் 74 கிலோ கூடியிருந்தது. காய்ந்த மண்ணின் எடையோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவாகவே குறைந்திருந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். எரியும் கரியிலிருந்து வரும் வாயுவைப் பற்றி (அதுவும் கார்பன் டை ஆக்சைடுதான்) எழுதிய அவரே, அந்த வாயு இலைக்குள் நுழைவதைக் கவனிக்கத் தவறியது ஒரு வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வேதியியலாளர் மெல்வின் கால்வினின் குழுவினர் கதிரியக்கக் கார்பனைப் பச்சைப் பாசிக்குக் கொடுத்து, அது எந்தெந்தச் சேர்மமாக மாறுகிறது என்று படிப்படியாகப் பின்தொடர்ந்தார்கள். 1961இல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றிலிருந்து வந்த கார்பன் மரமாகிறது, உணவாகிறது, நம் உடம்பாகிறது, மறுபடியும் மூச்சாகிக் காற்றில் சேர்கிறது. மாணவர்களோ ஒளிச்சேர்க்கையை அலகு மூன்றிலும் சுவாசத்தை அலகு நான்கிலும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகவே மறக்கிறார்கள்.

இதற்கெல்லாம் வேராக இருக்கும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். "கணக்கு வராது, அதனால் உயிரியல் எடுத்தேன், மனப்பாடம் செய்தால் போதும்." இந்த வாக்கியத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கிறேன், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் அதையே ஒரு தகுதியைப் போலச் சொல்கிறார்கள். உயிரியலில் பெயர்கள் மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. பெயர் தெரியாமல் எதையும் பேச முடியாது. ஆகவே அவற்றை நினைவில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பெயரைச் சொல்வது பாடத்தின் வாசல்படி மட்டுமே. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, அது இல்லாவிட்டால் என்ன நேரும், எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லாதவர் அந்தப் பகுதியைப் படிக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன், அவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் சரி. சவ்வூடு பரவலின் (செறிவு குறைந்த கரைசலிலிருந்து மிகுந்த கரைசலுக்குச் சவ்வு வழியே நீர் செல்வதன்) வரையறையை எழுத்துப் பிசகாமல் எழுதும் மாணவர், நரம்பில் ஏற்றும் உப்புக் கரைசல் ஏன் 0.9 விழுக்காடாக இருக்கிறது, அதற்குப் பதிலாகத் தூய நீரை ஏற்றினால் சிவப்பணுக்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டால் விழிக்கிறார். எங்கள் மாணவர்களில் பலர் நாளை ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சற்று பயமாகவே இருக்கிறது.

பழி முழுவதும் மாணவர்கள் மேல் இல்லை. நீட் தேர்வின் 180 வினாக்களில் பாதி உயிரியல். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டமிட்டே இரண்டு ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகள், மருத்துவ இடம் கிடைக்காத மனவருத்தத்தோடு எங்கள் வகுப்பில் வந்து அமர்கிறார்கள். "ஏன்" என்று எழுதிப் பழகாத கையிடம் நாங்களும் "குறிப்பு வரைக" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரெக்கார்டு நோட்டு தனிக் கதை. வெங்காய வேர்நுனியில் செல் பிரிதலைப் பார்த்து வரையச் சொன்னால், நான்கு நிலைகளும் ஒரே அளவில், வரிசையாக, அழகாக வந்துவிடுகின்றன. சிலவற்றில் இரு முனைகளிலும், விலங்கு செல் பிரியும்போது தெரியும் சென்ட்ரியோல் என்ற நுண்ணுறுப்புகூட இருக்கிறது! வெங்காயத்தின் செல்லில் சென்ட்ரியோலே கிடையாது. அது புத்தகத்தில் இருக்கும் விலங்கு செல்லின் படம். நுண்ணோக்கியில் கண் வைத்தவருக்குத் தெரியும், ஸ்லைடில் பெரும்பாலான செல்கள் பிரியாமல் இடைக்கால நிலையிலேயே இருக்கும். அதை "சரியாக வரவில்லை, மேடம்" என்று ஒதுக்குகிறார்கள். அதுதான் பாடமே. நூறு செல்களை எண்ணி அவற்றில் தொண்ணூறு இடைக்கால நிலையில் இருந்தால், செல் தன் காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அந்த நிலையில் கழிக்கிறது என்று பொருள். கணக்கு வராது என்று வந்தவர்களே, நீங்கள் எண்ணாமல் விட்டது இதைத்தான்.

ஆகவே முதலில், பார்க்காததை வரையாதீர்கள். கலங்கலாகத் தெரிந்தால் கலங்கலாகவே வரையுங்கள், அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். கரும்பலகையைக் கைப்பேசியில் படம்பிடித்துவிட்டுப் படித்துவிட்டதாக நினைக்காதீர்கள். பக்கம் முழுவதும் மஞ்சள் மை பூசுவதையும் நிறுத்துங்கள். பத்து முறை வாசிப்பதைவிட, ஒருமுறை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது மேல். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் 40 விழுக்காடு தங்க, ஒருமுறை வாசித்துவிட்டு மூன்றுமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு தங்கியது. தேர்வுக்கு முந்தைய இரவு வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதும், அடுத்த செமஸ்டரில் எதுவும் நினைவில் இல்லாமல் போவதும் இதனால்தான்.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற அச்சத்தில், புரியாத வரிகளை அப்படியே உருப்போடாதீர்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் பேச்சுத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை, அந்த இடத்தோடு என்னிடம் வாருங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை அறைக்கு வாருங்கள்.

மூத்த மாணவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ரெக்கார்டு நோட்டைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுத்து உதவுவதாக எண்ணாதீர்கள். பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுங்கள்.