வெளிச்சுவர்ப் பூச்சு வெடித்தால் பெயின்டால் மூட விடாதீர்கள்

மாரி ஓய்ந்த தை மாதத்தில் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை வெளிச்சுவரைப் பற்றியவை. திருகோணமலையில் வீட்டுக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். போன தையில் உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். "தம்பி, பூசி ஆறு மாசந்தான். பெயின்ட் தோலுரிஞ்ச மாதிரிக் கழருது. மேசன் வந்து இன்னொரு கோட் அடிச்சுத் தாறன் எண்டு சொல்றார். விடட்டா?"

"விடாதீங்க டீச்சர், நான் வந்து பார்க்கிறன்" என்றேன்.

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளிய வீடு. வாடைக்கு முகங்கொடுத்த வடக்குச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. பிறகு வீட்டுச் சாவியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல பூச்சு 'டிக் டிக்' என்று கெட்டியாகக் கேட்கும். இங்கே யன்னலுக்குக் கீழே 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டது. பூச்சு கல்லை விட்டுக் கழன்று, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மாரியில் பெயர்ந்துதான் விழும்.

என்ன நடந்தது என்று கேட்டுப் பார்த்தால், பல பிழைகள். பூசியது ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம். சீமெந்துக் கல்லை நனைக்காமல் பூசினால், கல் ஒரு பக்கமும் காற்று மறுபக்கமும் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சீமெந்து இறுகுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. குறைந்தது ஏழு நாள் சுவரை நனைத்திருக்க வேண்டும். இரண்டு நாள்தான் நனைத்திருக்கிறார்கள். மணலும் சரியாகக் கழுவாத கடற்கரை மணல். குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று என்று பத்தாம் நாளே பெயின்ட் அடித்துவிட்டார்கள். புதுப் பூச்சுக்கு நான்கு கிழமையாவது காயக் கொடுக்க வேண்டும். இந்த அவசரத்தில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு என்பதை டீச்சரிடம் மறைக்காமல் சொன்னேன்.

எல்லா வெடிப்புக்கும் மேசனைக் குற்றம் சொல்லவும் கூடாது. மயிரிழை போன்ற மேல்வெடிப்பு, தட்டினால் கெட்டியாகக் கேட்டால், பெரிய ஆபத்து இல்லை. கொங்கிறீட் தூணும் கல்லும் சேருகிற இடத்தில் நேர்கோடாக ஓடும் வெடிப்பு, அங்கே கம்பி வலை வைக்காமல் பூசியதால் வருவது. மூலையிலிருந்து படிக்கட்டுப் போல இறங்கும் வெடிப்பு என்றால் அத்திவாரத்தைப் பார்க்க வேண்டும். அதைப் பூச்சு வேலைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

சரி, பிழை மேசனுடையது என்று தெரிந்தபின் என்ன செய்வது? முதலில் சத்தம் போடாதீர்கள். வெண்கட்டி எடுத்து, பொள்ளலாகக் கேட்கும் இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தச் சுவர், எவ்வளவு இடம், எத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். வாயால் பேசியது பிறகு எவருக்கும் நினைவிருக்காது. திருத்துகிற முறையையும் எழுதிக் கேளுங்கள்: கழன்ற பூச்சைக் கல் தெரியும்வரை சதுரமாக வெட்டி எடுத்து, உப்பைத் துலக்கி, நனைத்து, கழுவிய ஆற்று மணலில் திரும்பப் பூசி, ஏழு நாள் தண்ணீர் விடுவது. பட்டி தடவி மூடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். சுவர் ஈரமாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடவும் கூடாது. மாசி, பங்குனிதான் தோது.

அவர் மறுத்தால் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை அவை, சட்டத்தரணி தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கும் முறையிடலாம். இரண்டிடத்திலும் உங்கள் படங்களும் எழுத்தும்தான் பேசும்.

இதையெல்லாம்விட வலுவான பிடி ஒன்று உண்டு, காசு. மொத்தக் கூலியில் பத்தில் ஒரு பங்கை ஒரு மாரி கழியும்வரை கொடுக்காமல் வைத்திருப்பேன் என்று வேலை தொடங்கும்போதே இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலை முடிந்த பிறகு திடீரென்று பிடித்து வைப்பது நியாயமில்லை. நாளாந்தக் கூலிக்கு ஆள் வைத்திருப்பவருக்கு அது வயிற்றிலடி. முன்பே பேசினால் நல்ல மேசன் எவரும் மறுப்பதில்லை என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் கையில் அப்படி ஒன்றும் மிச்சமில்லை, முழுக்காசும் கொடுத்திருந்தார். நான் வெண்கட்டியால் சுவரில் பதினொரு வட்டம் போட்டு வைத்தேன். மேசன் வந்து தானும் சாவியை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. மாசியில் இரண்டு பேரோடு வந்து வெட்டிப் பூசினார். சீமெந்தும் மணலும் டீச்சர் வாங்கிக் கொடுத்தார், கூலி அவர் கேட்கவில்லை. ஏழு நாளும் காலையும் மாலையும் டீச்சரே குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்தார்.