அந்த கையெழுத்தை போடுறதுக்கு முன்னாடி: பொம்பளப் புள்ளைங்க சொத்துப் பங்கு

எங்க அத்தைய ஒருநாள் காலைல கார் வச்சு கூட்டிட்டு போனாங்க, வாரிசு சர்டிபிகேட்டுக்கு ஒரு கையெழுத்து வேணும்னு. போன இடம் தாலுகா ஆபீஸ் இல்ல, பத்திர ஆபீஸ். போட்டோ எடுத்தாங்க, ரேகை வச்சாங்க, சம்மதமாம்மான்னு கேட்டாங்க, அத்தையும் தலைய ஆட்டிட்டு வந்துட்டாங்க, வர்ற வழியில பிரியாணி வேற. ரெண்டு வருஷம் கழிச்சு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு பாத்தப்பதான் அது பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம்னே தெரிஞ்சுது.

சட்டம் என்னன்னா, இந்து குடும்பங்கள்ல பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் பையனுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டுல 1989லயே குடுத்தாச்சு, ஆனா அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாதுன்னு வச்சாங்க. 2005 செப்டம்பர் 9ல இருந்து மத்திய சட்டம் அந்த வேலிய எடுத்துடுச்சு, கல்யாணம் ஆனாலும் ஆகலன்னாலும் பங்கு உண்டு. அப்பா 2005க்கு முன்னாடியே இறந்திருந்தாலும் பங்கு உண்டுன்னு 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஆனா ஆபீஸ்ல இன்னும் 1989தான் ஓடுது. "உங்களுக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு? எண்பத்தஞ்சா? அப்ப பங்கு இல்லம்மா"ன்னு பத்திரம் எழுதுறவரும் சொல்றாரு, கிளார்க்கும் சொல்றாரு, அண்ணனும் அதையே பிடிச்சுக்கறாரு. யார் அப்படி சொன்னாலும் 2005 சட்டத்தை சொல்லுங்க, எழுதி குடுங்க சார்னு கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க. அதே மாதிரி நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, அதுவே உன் பங்குதான்ங்கறதும் சட்டத்துல இல்லாத பேச்சு.

இப்ப நம்ம பக்கம் எங்க தப்பு பண்றோம்னா, தாத்தா சொத்துன்னாலே பூர்வீகம்னு நினைச்சுக்கறோம். தாத்தா சொந்தமா சம்பாதிச்சு, உயில் எழுதாம 1956க்கு அப்புறம் இறந்து, அது அப்பாவுக்கு பங்கா வந்திருந்தா அது அப்பாவோட தனி சொத்து. அப்பா உயிரோட இருக்கற வரைக்கும் அதுல பையனுக்கும் உரிமை இல்ல பொண்ணுக்கும் இல்ல, அவர் யாருக்கு வேணா எழுதி வைக்கலாம். உயில் இல்லாம அவர் போயிட்டா அம்மா, பாட்டி இருந்தா பாட்டி, பிள்ளைங்க எல்லாருக்கும் சமமா வரும். இதை பிரிச்சு பாக்காம கேஸ் போட்டு பத்து வருஷம் அலைஞ்சவங்க நிறைய பேர். 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே வித்திருந்தாலோ, பதிவு பண்ணி பாகம் பிரிச்சிருந்தாலோ அதையும் கிளற முடியாது. ஆனா கூர்சீட்டு (பதிவு பண்ணாத பாகப் பிரிவினைத் தாள்) எழுதி வச்சோம், வாய்மொழியா பிரிச்சோம்னு இப்ப வந்து சொன்னா அதை லேசுல ஏத்துக்க மாட்டாங்க, அதனால அதுக்கு பயந்து ஒதுங்காதீங்க.

வாரிசு சர்டிபிகேட்ல பொண்ணுங்க பேரை விட்டுட்டு வாங்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது. அண்ணன் இ-சேவைல போட்டுடுவாரு, விஏஓ ஊருக்குள்ள நாலு பேரை விசாரிப்பாரு, அந்த நாலு பேரும் அண்ணனோட டீ குடிக்கறவங்க. அப்பா இறந்த கையோட நீங்களே விண்ணப்பம் போட்டுடுங்க, நீங்களும் வாரிசுதான், யார்கிட்டயும் பர்மிஷன் வேண்டாம். பேர் விட்டுப்போச்சுன்னா ஆர்டிஓகிட்ட (வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) அப்பீல். தாசில்தார் ஆபீஸ்ல "அடுத்த வாரம் வாங்க"ன்னு மூணு தடவைக்கு மேல சொன்னா வாய்ல பேசறதை நிறுத்திட்டு மனுவை ஸ்பீடு போஸ்ட்ல ரிஜிஸ்ட்ரேஷன் சேத்து அனுப்புங்க, அந்த ரசீதை பத்திரமா வைங்க, அப்பதான் ஃபைல் நகருது, ஏன்னு கேக்காதீங்க.

சர்டிபிகேட்ல பேர் இல்லைங்கறதாலயோ பட்டா அண்ணன் பேருக்கு மாறிடுச்சுங்கறதாலயோ உங்க பங்கு போயிடாது. பட்டாவே சொத்துரிமை இல்ல. ஆனா அதைக் காட்டி வித்துட்டாருன்னா வாங்கினவன் பின்னாடி ஓடணும், அதான் கஷ்டம். பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டா காசு இல்லாமலே ஈசி பாக்கலாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க.

கையெழுத்து விஷயத்துக்கு வர்றேன். பத்திரத்தோட தலைப்பை படிங்க. விடுதலைன்னு இருந்தா உங்க பங்கை விட்டுக்குடுக்கறீங்கன்னு அர்த்தம், உள்ள "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு"ன்னு ஒரு தொகை இருக்கும், அது கைக்கு வந்துச்சா பாருங்க. காப்பி வாங்கி வீட்டுக்கு போய் படிச்சுட்டு வர்றேன்னு சொல்லுங்க. முறைச்சா முறைக்கட்டும். ஏமாத்தி வாங்கியிருந்தா ரத்து பண்ண கேஸ் போடலாம், ஆனா விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள. அத்தை, அண்ணன் மனசு மாறும்னு காத்திருந்தே அந்த மூணு வருஷத்தை கரைச்சுட்டாங்க.

வக்கீலுக்கு காசு இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். அங்க போனா வருமான சான்றிதழ் கொண்டா, ரேஷன் கார்டு கொண்டான்னு யாராவது திருப்பி அனுப்பினா நம்பி வந்துடாதீங்க, பொம்பளைங்களுக்கு அதுல வருமான வரம்பே கிடையாது.