கல் பொறுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தராசும் ஒரு நோட்டும்

கல் பொறுக்கப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எடுத்த இடத்தைக் குறித்துவைக்கத்தான் பழக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் எந்தக் கல் எங்கே கிடைத்தது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆளுக்கு ஐந்து கல் போதும், எலுமிச்சம்பழ அளவில். அங்கேயே கல்லில் ஒரு பொட்டு ஒயிட்னர் வைத்து, காய்ந்ததும் எண் எழுதி, நோட்டில் இடமும் தேதியும் குறிக்கட்டும். தெருவில் கொட்டிய ஜல்லி லாரியில் வந்தது. அதன் சொந்த ஊர் எது என்று விசாரிப்பதே ஒரு புவியியல் பாடம்.

சென்னைக்கென்று ஒரு கல் உண்டு. பரங்கிமலை, பல்லாவரத்துக் கருங்கல்லின் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இந்த வகைதான் என்பதால் 1893-இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இப்பெயரை வைத்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இன்னொரு நிலவியலாளர் 1863-இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். செதுக்கியதுபோல் ஒரு கல் கண்ணில் பட்டால் படம் மட்டும் எடுங்கள், கல் அங்கேயே இருக்கட்டும்.

கல்லின் அடர்த்தியை அளக்கச் சமையலறை மின்தராசு போதும். முதலில் கல்லை மட்டும் நிறுக்க வேண்டும்: 86 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். இப்போது 32 கிராம் காட்டினால் அது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு மி.லி. என்பதால் கல்லின் கனஅளவு 32 மி.லி. 86-ஐ 32-ஆல் வகுத்தால் அடர்த்தி, மி.லி.க்குச் சுமார் 2.7 கிராம். கல் அடியைத் தொட்டுவிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியும் கெடுக்கும். நூலை லேசாக ஆட்டினால் போய்விடும். செங்கல் துண்டு தண்ணீரைக் குடிப்பதால் அதற்கு இது சரிவராது. சின்னக் கல்லும் வேண்டாம்: 5 மி.லி. கல்லில் ஒரு கிராம் பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு தவறு.

சுண்ணாம்பு உள்ள கிளிஞ்சலில் வினிகர் விட்டால் நுரைக்கும், கருங்கல்லில் நுரைக்காது. சிமென்ட் துண்டும் நுரைக்கும். அதைச் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடுவார்கள், கவனியுங்கள். மெரினா மணலில் காந்தத்தை இறக்குமுன் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிய கரும்பொடியைப் பிரிக்கவே முடியாது.

தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரிப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே கூடாது. கண்ணாடி அணியாமல் சுத்தியலும் வேண்டாம்.

கடைசியாகத் தமிழ். முப்பது குழி முட்டைத் தட்டில் எல்லாக் கல்லையும் அடுக்கி, ஒரு பிள்ளை எழுதிய வருணனையை வைத்து இன்னொரு பிள்ளை கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். “கருப்பா, கனமா இருக்கு” என்றால் பத்துக் கல் பொருந்தும். கல்லை மறுபடி கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, “ஒரு முனை மட்டும் சொரசொரப்பு, நடுவில் உப்புக்கல்போல் மினுக்கும் கோடு” என்று எழுதும்வரை ஆட்டம் தொடரட்டும்.